நெட் எங்கே அறுந்தது?

‘கனெக்டட், நோ இன்டர்நெட்’ என்பதோடு லேப்டாப் நிறுத்திக்கொள்கிறது. கோளாறு எந்த இடத்தில் என்று அது சொல்வதில்லை. அதைக் கண்டுபிடிக்க இன்ஜினீயர் படிப்பு தேவையில்லை. சரியான வரிசையில் ஐந்து கேள்விகள் போதும்.

தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வு 2018-ல் இணையவழிக்கு மாறியது. அதற்கு முன்பெல்லாம் இரவு பஸ் பிடித்து, சான்றிதழ் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவும் பிள்ளையுமாகச் சென்னைக்கு வந்து இறங்குவார்கள். அந்த அலைச்சல் இன்று இல்லை. வீட்டுக் கூடத்திலேயே லேப்டாப்பைத் திறந்து, கல்லூரிகளை வரிசைப்படுத்தி, பதிவுசெய்து முடித்துவிடலாம். ஆனால் அதற்கென்று நாள் குறித்திருக்கிறார்கள்; நேரமும் குறித்திருக்கிறார்கள். கடைசி நாள் மாலையில், திரையின் வலது மூலையில் இருந்த வைஃபை சின்னம் போய் பூமி உருண்டைப் படம் வந்து நின்றால், அந்த வீட்டின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

கலந்தாய்வு ஓர் உதாரணம்தான். போட்டித் தேர்வு விண்ணப்பம், ஹால் டிக்கெட், வீட்டிலிருந்து வேலை, ஜி.எஸ்.டி. கணக்கு, ஓய்வூதியரின் உயிர்வாழ் சான்று என்று எல்லாமே இணையத்தில் ஏறிவிட்டன. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியபோது அது சில நகரங்களில், சிலருக்கு மட்டும் கிடைத்த வசதி. இன்று அது இல்லாவிட்டால் ஒரு குடும்பத்தின் அன்றைய வேலையே நின்றுபோகிறது.

நெட் நின்றதும் நாம் என்ன செய்கிறோம்? ரவுட்டரை அணைத்துப் போடுகிறோம். லேப்டாப்பை அணைத்துப் போடுகிறோம். யாரோ சொன்னார்கள் என்று எதையோ மாற்றுகிறோம். அதுவும் சரிப்படாவிட்டால் கேபிள்காரருக்கு போன் போட்டு, “அண்ணே, நெட் வரலைண்ணே” என்கிறோம். “லைன்ல பிரச்சனை இல்லையே, உங்க லேப்டாப்பைப் பாருங்க” என்கிறார் அவர். சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிப்போனால், “லேப்டாப் நல்லாத்தான் இருக்கு, லைனைப் பாருங்க” என்கிறார்கள். இருவருக்கும் நடுவே ஒரு நாள் முழுக்க ஓடிவிடுகிறது.

காரணம், ‘நெட் வரவில்லை’ என்பது ஒரே ஒரு கோளாறு அல்ல. குழாயில் தண்ணீர் வராவிட்டால் குழாய் அடைத்திருக்கலாம், மாடித் தொட்டி காலியாகியிருக்கலாம், மோட்டார் ஓடாமல் இருக்கலாம், மாநகராட்சியே தண்ணீர் விடாமல் இருக்கலாம். விவரம் தெரிந்தவர் முதலில் மாடி ஏறித் தொட்டியை எட்டிப் பார்ப்பார். இணையத்துக்கும் அப்படி ஒரு பாதை இருக்கிறது. லேப்டாப்பின் ரேடியோவில் தொடங்கி, ரவுட்டர், சுவரோரம் இருக்கும் ஃபைபர் பெட்டி, தெருக்கம்பி, சேவை நிறுவனம், பெயரை முகவரியாக மாற்றித் தரும் சர்வர் எனக் கடந்து, கடைசியில் நாம் தேடிய தளம். பாதை எங்கே அறுந்தது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அது தெரியும்வரை எதையும் மாற்றாதீர்கள். முதலில் கேளுங்கள், பிறகு கை வையுங்கள்.

கேள்வி 1: லேப்டாப்பில் மட்டுமா, வீடு முழுக்கவா?

முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். பாதையை இரண்டாகப் பிரித்துக் காட்டும் கேள்வி இது. அதே வைஃபையில் இருக்கும் கைப்பேசியில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். வைஃபையில் நெட் இல்லாவிட்டால், இன்றைய கைப்பேசிகள் பல சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். “போன்ல வருதே, அப்ப வைஃபை நல்லாத்தான் இருக்கு” என்று முடிவுகட்டி, குற்றமற்ற லேப்டாப்பைக் குடைய ஆரம்பித்துவிடுவோம். எனவே கைப்பேசியின் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

கைப்பேசியிலும் வரவில்லை என்றால் கோளாறு ரவுட்டரிலோ அதற்கு வெளியிலோ இருக்கிறது. நேராக மூன்றாம் கேள்விக்குப் போகலாம். கைப்பேசியில் வருகிறது, லேப்டாப்பில் மட்டும் வரவில்லை என்றால் இரண்டாம் கேள்வி.

கேள்வி 2: லேப்டாப் ரவுட்டரோடு பேசுகிறதா?

லேப்டாப்பில் வைஃபை பெயர்ப் பட்டியல் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு பெயர்கூடத் தெரியாவிட்டால் லேப்டாப்பின் ரேடியோ அணைந்திருக்கிறது. ஏரோப்ளேன் மோட் போடப்பட்டிருக்கலாம். விசைப்பலகையின் மேல்வரிசையில் விமானமோ அலைவரிசைக் கோடுகளோ வரைந்த விசை ஒன்று இருக்கும். தூசு துடைக்கும்போது அது அழுந்தியிருக்கலாம். பழைய மாடல்கள் சிலவற்றில் ஓரத்திலேயே ஒரு சின்னத் தள்ளு சுவிட்சு இருக்கும்.

பக்கத்து வீட்டுப் பெயர்களெல்லாம் தெரிகின்றன, நம் வீட்டுப் பெயர் மட்டும் தெரியவில்லை என்றால் அலைவரிசையைச் சந்தேகியுங்கள். வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. பழைய லேப்டாப்புகள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். 5-இல் ஒலிபரப்பாகும் பெயர் அவற்றின் கண்ணில் படாது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால் சுவர்களைத் தாண்டும்போது சீக்கிரம் வலுவிழக்கும். 2.4 தூரம் போகும். ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லா வீட்டு ரவுட்டர்களும் அங்கேதான் மோதிக்கொள்கின்றன. மைக்ரோவேவ் அவனும் ஏறக்குறைய அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு சிக்னல் வரவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. வீட்டின் நடுவே, உயரமான, திறந்த இடத்தில் வையுங்கள்.

பெயர் தெரிகிறது, ஆனால் இணைய மறுக்கிறது என்றால், அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து ‘ஃபர்கெட்’ கொடுத்து, பாஸ்வேர்டைப் புதிதாகத் தட்டுங்கள். ரவுட்டரில் பாஸ்வேர்டை மாற்றியிருந்தால், லேப்டாப் பழையதையே வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டிருக்கும். புது ரவுட்டர், பழைய லேப்டாப் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. 2018-ல் அறிமுகமான டபிள்யூ.பி.ஏ.3 பாதுகாப்பு முறை சில பழைய வைஃபை அட்டைகளுக்குப் புரியாது. ரவுட்டர் அமைப்பில் டபிள்யூ.பி.ஏ.2, 3 இரண்டையும் ஏற்கும்படி வைத்தால் இணைந்துவிடும்.

இணைந்தும் நெட் வராவிட்டால், லேப்டாப்புக்கு ரவுட்டர் முகவரி கொடுத்ததா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் தேடல் பெட்டியில் சிஎம்டி என்று தட்டினால் கறுப்புத் திரை ஒன்று திறக்கும். அதில் ஐபிகான்ஃபிக் என்று இடைவெளி விடாமல் ஆங்கில எழுத்தில் தட்டி என்டர் கொடுங்கள். வைஃபை என்ற தலைப்பின் கீழே ‘ஐபிவி4 அட்ரஸ்’ என்ற வரி இருக்கும். அதைப் படியுங்கள்.

192.168 என்றோ, சில இடங்களில் 10 என்றோ தொடங்கினால், ரவுட்டர் முகவரி கொடுத்திருக்கிறது. உறவு நலமாக இருக்கிறது. 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து பதிலே வரவில்லை. முகவரி கேட்டுப் பார்த்து, கிடைக்காததால் லேப்டாப் தனக்குத்தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டிருக்கிறது. இந்த எண்ணோடு வெளியுலகுக்குப் போக முடியாது. லேப்டாப்பையும் ரவுட்டரையும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

‘ரீஸ்டார்ட்’ என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல், ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் லேப்டாப் முழுமையாக அணைவதில்லை. சீக்கிரம் விழிப்பதற்காக, இயங்குதளத்தின் உள்பகுதியை அப்படியே சேமித்து வைத்துக்கொள்கிறது; ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்பது இந்த வசதியின் பெயர். கோளாறும் அதோடு சேர்ந்தே சேமிக்கப்பட்டுவிடலாம். பத்து முறை அணைத்துப் போட்டும் போகாத பிரச்சினை, ஒரே ஒரு ரீஸ்டார்ட்டில் போவது இதனால்தான். தூங்கி எழுந்த லேப்டாப்பில் மட்டும் வைஃபை வராமல் போகிறது என்றால், டிவைஸ் மேனேஜரில் வைஃபை அட்டையின் பண்புகளைத் திறந்து, மின்சாரம் மிச்சம்பிடிக்க அதை அணைக்கலாம் என்று கொடுத்திருக்கும் அனுமதியை எடுத்துவிடுங்கள்.

கேள்வி 3: வீட்டைத் தாண்டிப் போகிறதா?

வீட்டில் எந்தக் கருவியிலும் நெட் இல்லையா? முதலில் ஒரு எளிய விஷயம்: ரீசார்ஜ் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். வீட்டில் ஒருவர் கட்டியிருப்பார் என்று மற்றவர் நினைத்துக்கொண்டிருப்பது பல வீடுகளில் நடப்பதுதான்.

பிறகு, சுவரோரப் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பில் தெருவிலிருந்து வருவது மின்சாரம் அல்ல, ஒளி. 125 மைக்ரான் தடிமனுள்ள கண்ணாடி இழையின் நடுவே, 9 மைக்ரான் அளவே உள்ள பாதை வழியாக அந்த ஒளி வருகிறது. அதை வாங்கி மின்குறியாக மாற்றுவதுதான் ஓஎன்டி எனப்படும் அந்தப் பெட்டியின் வேலை. அதில் ‘பான்’ என்ற விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தால், ஒளி சரியாக வருகிறது. அது மினுக்கிக்கொண்டே இருந்தால், பெட்டி சேவை நிறுவனத்தின் பக்கம் இருக்கும் கருவியோடு பேச முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறது. ‘எல்ஓஎஸ்’ விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ, ஒளியே வரவில்லை.

சிவப்பு விளக்கு எரிந்தால் நீங்கள் லேப்டாப்பில் செய்வதற்கு ஒன்றுமில்லை. சாலை தோண்டிய ஜே.சி.பி. இழையை அறுத்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம், மரக்கிளை விழுந்திருக்கலாம், கட்டிலை நகர்த்தும்போது வயர் மடங்கியிருக்கலாம். கண்ணாடி இழையைக் கூர்மையாக மடக்கினால், முறியாவிட்டாலும் ஒளி வெளியே கசிந்துவிடும். வீட்டுக்குள் வயர் எங்காவது நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இழையைக் கழற்றி அதன் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது; உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர்.

‘பான்’ பச்சையாக இருந்து, ‘இன்டர்நெட்’ விளக்கு மட்டும் அணைந்தோ சிவப்பாகவோ இருந்தால் கம்பியில் குறையில்லை, கணக்கில்தான் குறை. பல இணைப்புகளில் ரவுட்டர் ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்துத்தான் நிறுவனத்துக்குள் நுழைகிறது. அங்கே அனுமதி மறுக்கப்பட்டிருக்கும். பணம் கட்டாதது, நிறுவனத்தின் சர்வர் கோளாறு, அழிந்துபோன அமைப்பு ஆகியவை இதற்குக் காரணங்கள்.

ரவுட்டரை அணைத்துப் போடுவதிலும் முறை உண்டு. பிளக்கைப் பிடுங்கி அரை நிமிடம் விட்டு, முதலில் ஃபைபர் பெட்டியைப் போடுங்கள். அதன் விளக்குகள் நிலைத்ததும் ரவுட்டரைப் போடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்திருங்கள். பின்புறத்தில் குண்டூசி நுழையும் துளைக்குள் ஒளிந்திருக்கும் ‘ரீசெட்’ பொத்தானை மட்டும் அழுத்திவிடாதீர்கள். அது ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்வதில்லை. உள்ளே இருக்கும் பயனர் பெயர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் அழித்துவிடுகிறது. பத்து நிமிடத்தில் தானாக வரவிருந்த நெட், அதற்குப் பிறகு டெக்னீஷியன் வந்தால்தான் வரும் என்றாகிவிடும்.

கேள்வி 4: முகவரி கிடைக்கிறதா?

விளக்குகளெல்லாம் பச்சை. லேப்டாப்புக்கு 192.168 முகவரியும் இருக்கிறது. இருந்தும் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. இங்கே உதவ வருவது ‘பிங்’. அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதிய சின்னஞ்சிறு நிரல் இது. ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று சொல்லும். நாற்பது ஆண்டுகள் கடந்தும், நெட்வொர்க் வேலை பார்ப்பவர்கள் முதலில் தட்டுவது இதைத்தான்.

அதே கறுப்புத் திரையில் மூன்று பிங்குகளை வரிசையாகக் கொடுங்கள். முதலாவது ரவுட்டருக்கு. ஐபிகான்ஃபிக் காட்டிய ‘டிஃபால்ட் கேட்வே’ எண்தான் அதன் முகவரி. பல வீடுகளில் அது 192.168.1.1. இரண்டாவது, 8.8.8.8 என்ற முகவரிக்கு. இது 2009 முதல் கூகுள் எல்லோருக்கும் திறந்துவைத்திருக்கும் சர்வர். மூன்றாவது, எண்ணுக்குப் பதிலாகக் கூகுள் டாட் காம் என்ற பெயருக்கு.

முதலாவதே தோற்றால் கோளாறு லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவே. முதலாவது வென்று இரண்டாவது தோற்றால், ரவுட்டருக்கு வெளியே. இரண்டும் வென்று மூன்றாவது மட்டும் தோற்றால், நெட் இருக்கிறது. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். மட்டும் படுத்துவிட்டது. சில அலுவலகங்களில் பிங்கைத் தடுத்து வைத்திருப்பார்கள். வீட்டு இணைப்பில் இந்தச் சோதனை பெரும்பாலும் பொய்க்காது.

டி.என்.எஸ். இல்லாத காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு பட்டியலில் இருந்தன. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு அதைப் பராமரித்தது. கணினிகள் பெருகப் பெருகப் பட்டியல் திணறியது. 1983-ல் பால் மொகாபெட்ரிஸ், அந்தப் பொறுப்பை உலகெங்கும் உள்ள சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறையை வகுத்தார். நாம் ஒரு பெயரைத் தட்டும்போதெல்லாம் லேப்டாப் அப்படியொரு சர்வரிடம் எண்ணைக் கேட்டு வாங்கித்தான் புறப்படுகிறது. சாதாரணமாக அது உங்கள் சேவை நிறுவனத்தின் சர்வராக இருக்கும். அது படுத்துவிட்டால், நெட் முழுக்கப் போய்விட்டது போலவே தோன்றும்.

இதற்கு மருந்து எளிது. நெட்வொர்க் அமைப்பில் டி.என்.எஸ். என்ற இடத்தில் 8.8.8.8 என்றோ, கிளவுட்ஃப்ளேர் 2018-ல் தொடங்கிய 1.1.1.1 என்றோ எழுதுங்கள். லேப்டாப் நினைவில் வைத்திருக்கும் பழைய எண்களை அழிக்க, கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோட்டை அடுத்து ஃபிளஷ்டிஎன்எஸ் என்று சேர்த்துத் தட்டினால் போதும்.

கேள்வி 5: எல்லாத் தளமுமா, ஒரு தளமா?

சில நேரம் பாதை முழுக்கச் சரியாக இருக்கும். கடைசி வாசலில் ஏதோ ஒன்று மறித்து நிற்கும்.

லேப்டாப்பின் தேதியைப் பாருங்கள். தாய்ப்பலகையில் கடிகாரத்தை ஓட வைக்கும் சிறு பேட்டரி தீர்ந்துபோனால், ஒவ்வொரு முறையும் தேதி பல வருடங்கள் பின்னுக்குப் போய்விடும். இன்றைய பாதுகாப்பான தளங்கள் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழைக் காட்டுகின்றன. அதில் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. லேப்டாப்பின் தேதி அந்த வரம்புக்கு வெளியே இருந்தால், சான்றிதழ் செல்லாது என்று சொல்லி பிரவுசர் கதவை மூடிவிடும். வங்கி, மின்னஞ்சல், அரசுத் தளம் எதுவும் திறக்காது. தேதியைச் சரிசெய்த நொடியில் எல்லாம் திறந்துகொள்ளும்.

அடுத்து, நம் இணைப்பை வேறொரு சர்வர் வழியே திருப்பிவிடும் ப்ராக்ஸியும் வி.பி.என்.னும். அலுவலகத்துக்காகப் போட்ட அமைப்பு வீட்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். சில வி.பி.என். செயலிகள், தம் இணைப்பு அறுந்தால் மொத்த நெட்டையும் நிறுத்திவைக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். செட்டிங்ஸில் ப்ராக்ஸி பகுதியைத் திறந்து பாருங்கள். நீங்கள் போடாத ப்ராக்ஸி அங்கே இருந்தால் வைரஸ் சோதனையும் அவசியம்.

ரயில் நிலையம், விடுதி, கல்லூரி வைஃபைகளில் ‘கனெக்டட்’ என்று காட்டியும் நெட் வராமல் போவது வேறு விதம். அங்கே முதலில் ஒரு நுழைவுப் பக்கம் திறந்து, கைப்பேசி எண்ணும் ஓ.டி.பி.யும் கேட்க வேண்டும். அந்தப் பக்கம் தானாகத் திறக்காவிட்டால் நாம் வெளியிலேயே நிற்போம். வி.பி.என்.னை அணைத்துவிட்டு, பிரவுசரில் கேட்வே எண்ணைத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் நுழைவுப் பக்கம் எட்டிப் பார்க்கும்.

‘நோ இன்டர்நெட்’ என்று விண்டோஸ் எப்படி முடிவுசெய்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. மைக்ரோசாஃப்ட் சர்வர் ஒன்றில் இருக்கும் ஒரு குட்டிக் கோப்பை அது எடுத்துப் பார்க்கிறது. அதில் இருப்பவை ‘மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்’ என்ற மூன்றே சொற்கள். அவை கிடைத்தால் நெட் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை. அந்த ஒரு கோப்பை ஏதாவது மறித்தால், நெட் ஓடிக்கொண்டிருந்தாலும் இல்லை என்றே சொல்லும். எனவே சின்னத்தை மட்டும் நம்பாமல், இரண்டு மூன்று தளங்களைத் திறந்து பாருங்கள்.

தளமே விழுந்துகிடக்கவும் வாய்ப்புண்டு. 2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகெங்கும் நின்றன. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளையால் அந்நிறுவனத்தின் தரவு மையங்களுக்கு இடையிலான இணைப்பு துண்டானது; அதன் டி.என்.எஸ். சர்வர்களுக்குச் செல்லும் வழியே இணைய வரைபடத்திலிருந்து மறைந்துபோனது. நம் வீட்டு ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டும் பயனில்லாத இரவு அது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது, இந்தியா வரை இணையம் தள்ளாடியது. கோளாறு சில நேரம் கண்டம் தாண்டியும் இருக்கும்.

அவசரத்துக்கு ஒரு வழி

கடைசி நாள், கடைசி நேரம், ஆராய அவகாசம் இல்லை என்றால் கைப்பேசியையும் லேப்டாப்பையும் சார்ஜ் வயரால் இணைத்து, கைப்பேசியில் ‘யு.எஸ்.பி. டெதரிங்’ போடுங்கள். மொபைல் டேட்டா வயர் வழியே லேப்டாப்புக்கு வந்துவிடும். வைஃபை அட்டையே பழுதாகியிருந்தாலும் இது வேலை செய்யும். அந்த அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருள் காணாமல்போயிருந்தால், அதை இறக்கிக்கொள்ளவும் இதுவே வழி. முதலில் வேலையை முடித்துவிடுங்கள். கோளாறை நிதானமாகத் தேடலாம்.

எல்லாம் செய்தும் லேப்டாப் மட்டும் அடம்பிடித்தால், விண்டோஸின் ‘நெட்வொர்க் ரீசெட்’ இருக்கிறது. சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும் வி.பி.என். அமைப்புகளும் அழிந்துபோகும் என்பதால் அதைக் கடைசி மருந்தாக வைத்துக்கொள்ளுங்கள்.

புகார் சொல்லும் முறை

கோளாறு எங்கே என்று தெரிந்தவரின் தொலைபேசி அழைப்பு வேறு மாதிரி இருக்கும். “அண்ணே, எல்ஓஎஸ் ரெட்ல எரியுது, வீட்டுக்குள்ள வயர் நல்லா இருக்கு, லைன் பாக்க ஆள் அனுப்புங்க” என்று சொன்னால், ‘உங்க லேப்டாப்பைப் பாருங்க’ என்று திருப்பி அனுப்ப வழியில்லை. வருகிறவரும் இழையை ஒட்டவைக்கும் கருவியோடு வருவார். ஒளியின் அளவைப் பவர் மீட்டரில் பார்த்து, “மைனஸ் இருபது வருது, போதும்” என்பார். வீட்டு ஃபைபர் கருவிகள் சாதாரணமாக மைனஸ் 27 டிபிஎம் வரை தாங்கும். எண் அதை நெருங்கினால் நெட் விட்டுவிட்டு வரும். வேலை முடிந்ததும் அந்த எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த முறை ஒப்பிட உதவும்.

நிறுவனத்தில் புகார் கொடுத்தால் டாக்கெட் எண்ணைக் கட்டாயம் வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-ல் கொண்டுவந்த விதிகளின்படி, பதிவாகும் ஒவ்வொரு புகாருக்கும் எண் தர வேண்டும். தீர்வில் திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். வாயால் சொன்ன புகாருக்குச் சாட்சி இல்லை. எண்ணோடு இருக்கும் புகாருக்கு உண்டு.

ஓர் எச்சரிக்கை. பதற்றத்தில் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடி, கண்ணில் பட்ட முதல் எண்ணுக்கு அழைக்காதீர்கள். மோசடிக்காரர்கள் போலி எண்களைப் பரப்பிவைத்து இப்படிப்பட்ட நேரத்துக்காகத்தான் காத்திருக்கிறார்கள். “ஒரு ஆப் இறக்குங்க சார், நாங்களே சரி பண்ணிடறோம்” என்று சொல்லி, திரையைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டு வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவார்கள். பில்லிலோ நிறுவனத்தின் செயலியிலோ இருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள். பணம் போய்விட்டால் நொடி தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

இது யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்?

கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் ஒரு தீர்ப்பு சொன்னது. கல்லூரி விடுதியில் கைப்பேசிக்குப் போட்ட கட்டுப்பாட்டை எதிர்த்து ஒரு மாணவி தொடுத்த வழக்கு அது. இணையத்தை அணுகும் உரிமை, கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கியது என்றது நீதிமன்றம். உரிமை என்று ஏற்ற பிறகு, அது நின்றுபோகும் நேரத்தில் என்ன செய்வது என்ற அறிவும் எல்லோருக்கும் சேர வேண்டும்.

2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம், வீட்டில் முதன்முதலாகக் கணினியைப் பார்த்த லட்சக்கணக்கான பிள்ளைகளின் கையில் ஒரு கருவியைக் கொடுத்தது. அந்த வீடுகளில் நெட் நின்றால் கேட்க ஒரு அண்ணனோ, மென்பொருள் வேலையில் இருக்கும் மாமாவோ இல்லை. அரைநாள் கூலியை விட்டுவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போக வேண்டும். அங்கே ரீஸ்டார்ட் செய்ததற்கும் காசு வாங்குவார்கள். தெரியாமையின் செலவு, இல்லாதவர் வீட்டில்தான் அதிகம் விழுகிறது. அதனால்தான் இந்த ஐந்து கேள்விகள் பள்ளிக் கணினிப் பாடத்தில் இருக்க வேண்டும் என்கிறேன். லேப்டாப் கொடுக்கும் அரசு, தமிழில் ஒரே ஒரு பக்கம் அச்சிட்டுப் பெட்டிக்குள் வைக்கலாம். இணைப்பு கொடுக்கும் நிறுவனம், எந்த விளக்கு எரிந்தால் என்ன பொருள் என்று ரவுட்டர் மேலேயே தமிழில் ஒட்டித் தரலாம். இவற்றுக்குப் பெரிய செலவில்லை. செய்ய வேண்டும் என்ற எண்ணம்தான் வேண்டும்.

அதுவரை நம் பங்குக்குச் செய்ய ஒன்று உண்டு. எல்லாம் நன்றாக ஓடும் ஒரு நாளிலேயே ரவுட்டர் விளக்குகளைப் படம் எடுத்து வையுங்கள். எது எப்படி எரிந்தால் சரி என்று பிறகு தெரியும். ஐபிகான்ஃபிக் காட்டும் கேட்வே எண், ரவுட்டரின் பயனர் பெயர், பாஸ்வேர்டு, வாடிக்கையாளர் எண், நிறுவனத்தின் புகார் எண், கேபிள்காரரின் கைப்பேசி எண் ஆகிய அனைத்தையும் ஒரு தாளில் எழுதி ரவுட்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். நெட் போன பிறகு இவற்றை நெட்டில் தேட முடியாது. கடைசி நாள் மாலையில் வீட்டிலிருக்கும் பிள்ளை யாரையும் கெஞ்சாமல், எங்கே அறுந்தது என்று தானே கண்டுபிடித்துச் சொல்ல அந்த ஒரு தாள் போதும்.